பன்னிரண்டு மணிப் பந்தி

ராட்டினத்தில் ஏறவோ தண்ணீரில் சறுக்கி விழவோ எழிலரசி அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போக ஆசைப்படவில்லை. காசு கொடுத்துத் தலைகீழாகச் சுற்றி வாந்தி எடுக்கிறவர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. அவள் ஆசைப்பட்டது வேறு ஒன்றுக்கு. சென்னைப் பக்கம் இருந்த அந்தப் பூங்காவுக்குள் ஒரு சாப்பாட்டுக் கூடம் இருந்தது. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போனால், தலைவாழை இலை போட்டு, வேட்டி கட்டிய ஆட்கள் கூட்டு, பொரியல், சாம்பார், ரசம், பாயசம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். அதை அவர்களுடைய இணையப் பக்கத்தில் படமாகவே போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு பெண்மணி இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். எழிலரசிக்கு அதுதான் வேண்டும்.

கேட்டால் சின்ன ஆசைதான். ஆனால் கல்யாணமான பதினோரு வருஷத்தில் அது நடக்கவில்லை. திருவண்ணாமலை வேங்கிக்காலில் சொந்த வீடு, கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளர் உத்தியோகம், நடந்தே போய்வரும் தூரம். அதை எல்லாரும் அதிர்ஷ்டம் என்றார்கள். அந்த அதிர்ஷ்டத்தின் பலனாக மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து மாமனாருக்கும் மாமியாருக்கும் சூடாகச் சோறு போட்டுவிட்டு மறுபடி ஆபீசுக்கு ஓடினாள். அவள் சாப்பிடுவதெல்லாம் மற்றவர்கள் கை கழுவிய பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்தபடி, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி நாலு வாய். இலை போட்டு யாரோ பரிமாறி அவள் உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக அவளுடைய கல்யாணத்தில்தான். அன்றைக்கும் போட்டோக்காரன் சாப்பிட விடவில்லை.

இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? சோற்றுக்காகவா சென்னை வரைக்கும் போகிறாய் என்பார்கள். அதனால் கோடை லீவில் மகள் கீதாஞ்சலியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பத்து வயசுப் பெண்ணின் பெயரைச் சொன்னதும் வீட்டில் எல்லாரும் சம்மதித்தார்கள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மாமனார் ஆதிமூலம், மாமியார் உண்ணாமலை, புருஷன் செழியன், போதாக்குறைக்குப் போளூரிலிருந்து அவன் அக்கா கஸ்தூரி.

முதலில் நாள் பார்ப்பது. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு ஊருக்குப் போக நாள் பார்ப்பது லேசான காரியமில்லை. பௌர்ணமியை ஒட்டி நகரவே முடியாது. பஸ்ஸும் கிடைக்காது, வேனும் கிடைக்காது. அதோடு ஆதிமூலத்துக்குத் தன் சொந்த ஊரான அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், அன்னதானப் பந்தல் இருக்கிறது. அவரும் அவர் கூட்டாளிகளும் வருஷக்கணக்காக நடத்துவது. திங்கட்கிழமை கஸ்தூரிக்கு விரதம். செவ்வாய்க்கிழமை பிரயாணம் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் வீட்டைப் பூட்ட உண்ணாமலைக்கு மனசு வராது. வியாழக்கிழமை ஆதிமூலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். சனிக்கிழமை செழியனுக்குக் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் ஆகாது, கவிச்சி இல்லாமல் என்ன டூர் என்பது அவன் கட்சி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். மிச்சமிருந்த ஒரு புதன்கிழமையைப் பிடித்துப் பதிவு செய்தாள். அன்றைக்கு அமாவாசை என்று மறுநாள் காலை காலண்டரைக் கிழித்துப் பார்த்துச் சொன்னார் ஆதிமூலம். மூன்று நாளாகக் கூடிப் பேசியபோது அந்தக் காலண்டர் அவர் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ரத்து செய்து அடுத்த புதன்கிழமைக்கு மாற்றினாள்.

செழியன் கலெக்டர் ஆபீசுக்கு எதிரிலேயே இ-சேவைக் கடை வைத்திருந்தான். பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று மாவட்டமே அவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கும். இந்தச் சாப்பாட்டுப் பதிவை நீங்களே செய்து கொடுங்களேன் என்று ஒருநாள் கேட்டாள். நாள் பூராவும் அதைத்தானே செய்கிறேன், வீட்டிலுமா என்று கேட்டான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தினமும் சமைக்கிறவள் டூரில் மட்டும் சமைக்காமல் இருந்தால் போதாது, வீட்டிலும் சமைக்கக் கூடாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் செல்போனை எடுத்தாள்.

நாள் முடிவானதும் சாப்பாட்டுச் சண்டை ஆரம்பித்தது. அந்தப் பூங்காவில் இரண்டு விதம். ஒன்று பஃபே, அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். பிரியாணி, கறி எல்லாம் உண்டு என்று செழியன் அதில் குறியாக இருந்தான். எழிலரசி அதைப் பேச்சிலேயே அறுத்துவிட்டாள். இந்தக் குடும்பத்தைப் பஃபேக்குக் கூட்டிப்போனால் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள், தட்டுத் தட்டாக யார் சுமப்பது என்று அவளுக்குத் தெரியாதா? இலைச் சாப்பாடுதான் என்றாள். சைவம் என்றதும் மாமியார் அவள் பக்கம் வந்துவிட்டார். பக்கத்து மேஜையில் எலும்பு கடிக்கிற இடத்தில் தனக்குச் சோறு இறங்காதாம்.

அடுத்தது நேரம். பன்னிரண்டு மணிக்கு ஒரு பந்தி, ஒன்றேகாலுக்கு இன்னொன்று. மாமனாருக்குச் சர்க்கரை, பன்னிரண்டு தாண்டினால் கை நடுங்கும். சரி, பன்னிரண்டு. கஸ்தூரி போளூரிலிருந்து போன் செய்து, பதினொன்றரைக்குத்தான் தண்ணீரில் ஆட விடுவார்களாம், பன்னிரண்டுக்கு எப்படிச் சாப்பிடுவது என்றாள். சரி, ஒன்றேகால். அதற்குள் மாமனாருக்கு என்ன கொடுப்பது? மறுபடி பன்னிரண்டு. ஆபீசில் கோப்புகளுக்கு நடுவே போனை வைத்துக்கொண்டு பதிவதும் ரத்து செய்வதுமாக இருந்தாள். பக்கத்து சீட்டு தேவிப்ரியா, யாருக்காவது கல்யாணமா என்று கேட்டாள். கல்யாணம் என்றால் சமையல்காரரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்றாள் எழிலரசி.

இதற்கு நடுவில் கஸ்தூரி புளிசோறு புராணத்தை ஆரம்பித்தாள். வெளியூர் போனால் கட்டுச்சோறு இல்லாமல் யாராவது போவார்களா? ஓட்டலில் எந்த எண்ணெயோ, எந்தத் தண்ணீரோ. புளிசோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து எடுத்துக்கொண்டால் ஆச்சு. கிளறுவது யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. எழிலரசி முதல்முறையாக நாத்தனாரிடம் குரலை உயர்த்தினாள்.

"அண்ணி, வெளிச் சாப்பாட உள்ள விட மாட்டாங்க. கேட்லயே புடிங்கிடுவாங்க. அந்த ஒரு நாளு நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

 கஸ்தூரி, நான் உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று வைத்துவிட்டாள். அன்று ராத்திரி வரை உண்ணாமலை மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசிப் பதிவை எழிலரசி தோசை வார்த்துக்கொண்டே செய்தாள். கல்லில் தோசை, காதில் மாமனார், கையில் போன். நாள், நேரம், சைவம், எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டது. வரிசையாக அழுத்தினாள். இனிமேல் மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்தபோது, அப்பாடா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எந்தக் கொம்பன் வந்தாலும் மாற்ற முடியாது.

அந்தப் புதன்கிழமை விடிவதற்கு முன்னால் வேன் கிளம்பியது. திண்டிவனத்தில் டிபன். இட்லி கல்லாக இருக்கிறது என்றார் உண்ணாமலை. சாம்பாரில் இனிப்பு ஜாஸ்தி என்றார் ஆதிமூலம். கீதாஞ்சலியின் தோசையில் வெங்காயம் இருந்ததால் அதை மாற்றி வாங்க எழிலரசி கவுண்டருக்கும் மேஜைக்குமாக நடந்தாள். அதற்குள் எல்லாரும் முடித்து வேனில் ஏறிவிட, அவள் ஒரு காபியை வாயில் ஊற்றிக்கொண்டு ஓடிவந்தாள். பரவாயில்லை, வயிறு காலியாக இருந்தால்தான் இலைச் சாப்பாடு நன்றாக இறங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பூங்கா வாசலில் பைகளைச் சோதித்தார்கள். கஸ்தூரியின் துணிப்பைக்குள் துண்டு, துண்டுக்குள் புடவை, புடவைக்குள் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு. மூடியைத் திறந்ததும் பெருங்காய வாசனை அந்த வரிசை முழுக்கப் பரவியது. செக்யூரிட்டி மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளே விட முடியாது, வெளியே வைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். சோற்றை விட்டுவிட்டுப் போவதா? ஊருக்கெல்லாம் சோறு போடுகிற ஆதிமூலத்துக்கு அது பாவத்திலும் பாவம். எல்லாரும் திரும்பி வேனுக்கு வந்தார்கள்.

திண்டிவனத்து இட்லி செரிக்கும் முன்பே, வேன் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டார்கள். நான் கிளறினேன், நீ போடு என்று கஸ்தூரி கரண்டியை நீட்டினாள். எழிலரசி போட்டாள். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள், தூக்குச் சீக்கிரம் காலியாக வேண்டுமே என்று. செழியன் இரண்டு தட்டு சாப்பிட்டான். டிரைவரும் சாப்பிட்டார். நீங்கள் சாப்பிடவில்லையா என்று டிரைவர் மட்டும் கேட்டார். மத்தியானம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். மனசுக்குள் அவ்வளவு எரிச்சல், ஆனால் பன்னிரண்டு மணியை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

காலை முழுக்க வெயிலில் அலைந்தார்கள். கீதாஞ்சலி சறுக்கினாள், சுற்றினாள், நனைந்தாள். எழிலரசி பையையும் செருப்புகளையும் காத்தாள். பசி வயிற்றைப் பிடுங்கியது. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போய்ச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிறுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இலை போட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

வாசலில் நின்ற பெண் எழிலரசியின் போனைப் பார்த்தாள், பிறகு எதிரில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"அஞ்சு பேருக்குத்தான் மேடம் புக் ஆயிருக்கு. நீங்க ஆறு பேர் இருக்கீங்க."

இணையப் பக்கம்தான் தப்பு என்று எழிலரசி அடித்துச் சொன்னாள். போனை வாங்கிப் பார்த்தாள். ஐந்து என்றுதான் இருந்தது. பதிந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். அவளே அழுத்திய எண்.

எப்படி அழுத்தினாள் என்று அவளுக்கு அங்கே நிற்கும்போதே புரிந்துவிட்டது. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் ஆதிமூலம் கூடத்திலிருந்து, "எத்தினி எலை?" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து அவள் பதில் சொல்வாள். பந்தலிலும் அப்படித்தான். கேட்கிற கணக்கு உட்காருகிறவர்களுக்கு. பரிமாறுகிறவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள், அவர்களுக்கு இலை கிடையாது, கடைசியில் பாத்திரத்தில் இருப்பதுதான். பதினோரு வருஷம் அப்படியே சொல்லிப் பழகிய வாய். தோசைக் கல்லுக்கு முன்னால் அந்தப் பாழாய்ப்போன போன் எத்தனை பேர் என்று கேட்டதும், மாமா, அத்தை, அண்ணி, அவர், பாப்பா என்று மனசு எண்ணி முடித்துவிட்டது. எதற்காக இத்தனை மாசம் மல்லுக்கட்டினாளோ அதிலிருந்து தன்னைத் தானே விட்டுவிட்டாள். யாரையும் திட்ட வழியில்லாததுதான் அவளுக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது.

இன்னொரு இலை போட முடியுமா என்று கெஞ்சினாள். பந்தி நிறைந்துவிட்டது, ஒன்றேகாலும் நிறைந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். பேத்தியும் மருமகளும் ஒரே இலையில் சாப்பிடட்டும் என்று உண்ணாமலை யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு சீட்டு, குழந்தையும் கணக்கில் உண்டு என்றாள் அந்தப் பெண். இதற்குத்தான் கட்டுச்சோறு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன் என்றாள் கஸ்தூரி. ஆதிமூலம் கடிகாரத்தைப் பார்த்தார். யாருக்கும் பசி இல்லை, எல்லாருக்கும் கழுத்து வரைக்கும் புளிசோறு. ஆனால் காசு கட்டிய சோற்றை விட யாருக்கும் மனசில்லை.

செழியன் அவள் தோளைத் தொட்டான்.

"விடு எழிலு. நாங்க போய் சாப்ட்டு வந்துடறோம், நீ இங்க பையப் பாத்துக்கோ. நீ எப்பவும் கடசியாத்தான சாப்புடுவ."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப் போலச் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, ஆனால் இந்த முறை அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் உள்ள போறேன். நீங்க வெளிய இருங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

"நானா? எனக்கு சாப்பாட்டுக்கு என்னா பண்றது?"

"ரெண்டு தட்டு புளிசோறு சாப்ட்டீங்க. நான் காலையிலேர்ந்து ஒரு காபிதான் குடிச்சிருக்கேன்."

உண்ணாமலை, ஆம்பிளையை வெளியில் நிறுத்திவிட்டா என்று ஆரம்பித்தார். எழிலரசி ஈரத்துணிப் பையைச் செழியனின் தோளில் மாட்டினாள். செருப்புப் பையை அவன் கையில் கொடுத்தாள். போனை வாசலில் நின்ற பெண்ணிடம் காட்டிவிட்டு, எண்ணிக் கொள்ளுங்கள், ஐந்து பேர் என்று சொல்லி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். மற்ற மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து மாமனாரின் டம்ளரில் ஊற்றப் போனாள். வேட்டி கட்டிய ஆள் ஓடிவந்து, நீங்க இருங்கம்மா என்று சொம்பை வாங்கிக்கொண்டார். உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது, அவரைக்காய்ப் பொரியல் வந்தது, பூசணிக்காய்க் கூட்டு வந்தது. சோறு ஆவி பறக்க விழுந்தது. பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து முதல் வாய் வைத்தாள். நன்றாகச் சமைத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, கூட்டில் உப்பு கம்மி. ஆனாலும் சூடாக இருந்தது. அவள் சாப்பிடும் சோறு சூடாக இருந்து எத்தனை காலமாயிற்று.

மற்றவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. கஸ்தூரி பொரியலை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். உண்ணாமலை இரண்டு வாய் சாம்பார் சோற்றோடு நின்றுவிட்டார். ஆதிமூலம் ரசத்தை மட்டும் முன்னாலேயே கேட்டு வாங்கிக் குடித்தார். கீதாஞ்சலி பாயசத்தை வழித்துத் தின்றுவிட்டு ராட்டினத்துக்குப் போகலாம் என்று நச்சரித்தாள். எழிலரசி அப்போதுதான் வத்தக்குழம்புக்குக் குழி பறித்திருந்தாள். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று பரிமாறுகிறவர் கேட்டபோது, வையுங்கள் என்று இலையைக் காட்டினாள். கண்ணாடிக்கு வெளியே செழியன் இரண்டு பைகளோடு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றான். பார்த்தாள். பார்த்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள்.

"எழிலு, முடிஞ்சிடுச்சா?" என்றார் உண்ணாமலை. "கையெல்லாம் காயுது."

"இருங்க அத்தை. இன்னும் ரசம் வரணும், மோர் வரணும்."

கஸ்தூரி பெருமூச்சு விட்டு, நாம் எழுந்து போய்க் கை கழுவுவோம் என்று அம்மாவிடம் சொன்னாள். கீதாஞ்சலி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அப்போது ஆதிமூலம் தலையைத் தூக்கினார். எத்தனையோ பௌர்ணமிப் பந்திகளை உட்கார வைத்து எழுப்பிய மனுஷன். ஒருவர் இலையில் கை வைத்திருக்கும்போது பக்கத்து இலைக்காரன் எழுந்தால் அவருக்குப் பொறுக்காது. யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை, பந்தலில் வருகிற அதே அதட்டல் தானாக வந்தது.

"எலைல ஆளு இருக்குது. யாரும் எழுந்திரிக்காதீங்க."

மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்தார்கள். இந்த அதட்டலை எழிலரசி நூறு தடவை கேட்டிருக்கிறாள், சாம்பார் வாளியோடு பந்தலில் நின்றபடி. எந்த இலையைச் சொல்கிறார் என்று இப்போதும் பழக்கத்தில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். மற்ற இலைகளில் யாரும் சாப்பிடவில்லை. அவள் ஒருத்திதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பரிமாறுகிறவர் ரச வாளியோடு வந்து நின்றார். எழிலரசி சோற்றில் குழி பறித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்றாள்.